பதினொரு தடவை எழுந்து நின்ற வெள்ளையனுக்கு

என் தங்கமே வெள்ளையா,

எழுபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தவனைத் தங்கமே என்று கூப்பிடுகிறானே இந்த வாத்தி என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். உனக்கும் எனக்கும் ஒன்பதே வயது வித்தியாசம். ஆனாலும் நான் உன்னை முதலில் பார்த்தபோது நீ ஐந்தாம் வகுப்புப் பையன், நான் கையில் பிரம்பு வைத்திருந்த வாத்தியார். அப்போது ஒரு நாள்கூட உன்னைத் தங்கமே என்று கூப்பிடவில்லை. இப்போது கூப்பிட்டுக்கொள்கிறேன்.

உன் காரியத்துக்கு வந்திருந்தேன். "இந்த வயசுல மலையேறோணுமாப்பா? எழுபது வளைவு" என்று என் மகன் தடுத்தான். "வளைவெல்லாம் இப்ப வந்ததுடா, நான் வேலைக்குப் போனப்ப ரோடே கெடையாது, நடந்து ஏறுனவன்" என்று சண்டை பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். முப்பதாவது வளைவு தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. கண்டக்டர் பையன் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, "மோந்துக்கிட்டே வாங்க தாத்தா" என்றான். என் வீராப்பு அவ்வளவுதான்.

உன் மகன் பலாமரத்தடியில் எனக்கு நாற்காலி போட்டான். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. "அப்பன் உங்களப் பத்திப் பேசாத நாளில்லீங்க" என்றான். உன்னைப் பற்றி நான் எத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, வெள்ளையா.

அதனால்தான் இந்தக் கடிதம். உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அறுபது வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டுவிட்டேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் நாலு பேர் காதில் விழும்படி ஆதியிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரனான எனக்கு, டிரெயினிங் முடித்த கையோடு மலைமேல் வேலை போட்டார்கள். எங்கள் அம்மா ஒப்பாரி வைக்காத குறை. "மலைப் புள்ளைங்க மண்டையில படிப்பு எங்க ஏறப் போவுது? கரடிகிட்ட மாட்டி நீதான் சாவப் போற" என்றாள். கரடியைப் பற்றி அவள் சொன்னதை நான் நம்பவில்லை. பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதை நம்பிவிட்டேன். பின்னால் கரடியை இரண்டு தடவை பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

ஒரே அறைப் பள்ளிக்கூடம். ஒன்று முதல் ஐந்து வரைக்கும் நான் ஒருவனே வாத்தியார். ஐந்தாம் வகுப்பில் ஆறு பேர். ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்ததே தாமதம் என்பதால் நீ பதிமூன்று வயதில் ஐந்தாவது. உன் தங்கை பவுனாயிக்குப் பதினொன்று. மற்ற மூன்று பேரும் உன் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், உங்கள் இருவருக்கும் இளையவர்கள். வெளியாள் ஒருவன்தான்: பாரஸ்ட் கார்டு மகன் மோகன், சேலத்தில் படித்துவிட்டு வந்தவன்.

நான் கேள்வி கேட்கிற விதம் உனக்கு நினைவிருக்கும். உயரப்படி உட்கார வைப்பேன், உயரமானவனிடமிருந்து ஆரம்பிப்பேன். "வெள்ளையா, நீ சொல்லு." நீ எழுந்து தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரிலீங்க" என்பாய். அடுத்து பவுனாயி, அவளும் தரையைப் பார்த்து, "தெரிலீங்க." அப்புறம் வரிசையாக மூன்று தெரிலீங்க. கடைசியில் மோகன் துள்ளி எழுவான். அவன் சொல்வது பாதி நேரம் தப்பு. ஆனால் என்னமாகச் சொல்வான்! என் முகத்தை நேராகப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்தி, கணீரென்று. தப்பை இவ்வளவு தைரியமாகச் சொல்கிற பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்று நான் பூரித்துப்போவேன். முட்டாள் வாத்தி.

அந்த வருஷம் ஒரு படிவம் வந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துக் கீழே ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்து, சோறும் துணியும் கொடுத்துப் படிக்கவைக்கிற திட்டம். நம் பள்ளிக்கு ஒரே ஒரு இடம். பரீட்சை கிடையாது. வாத்தியார் போடுகிற மதிப்பெண்தான். அப்புறம் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்து உறுதி செய்வார். கேட்டவுடன் விடை கூறுகிறானா, முகம் பார்த்துப் பேசுகிறானா, தானாக முன்வருகிறானா, உச்சரிப்பு திருத்தமா, உடை சுத்தமா என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும்.

அரை மணி நேரத்தில் நிரப்பிவிட்டேன். மோகனுக்கு எல்லாவற்றிலும் ஒன்பது, ஒன்றில் மட்டும் எட்டு. ரொம்பத் தூக்கிவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாதே! பவுனாயிக்கு ஒன்று, ஒன்று, இரண்டு. சுத்தத்துக்கு மூன்று, பாவாடையில் அடுப்புப் புகை வாசம் அடித்ததால். குறிப்பு எழுதுகிற இடத்தில் 'மந்தம்' என்று எழுதினேன். உன் பெயரை எழுதவே இல்லை. பதிமூன்று வயதுப் பையனை யார் எடுப்பார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். படிவத்தில் வயதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. படிவத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் நீ மூன்று நாள் வரவில்லை. சாமை முற்றியிருக்கிறது, காட்டில் பன்றி இறங்குகிறது, உன் அப்பாவுக்குக் கால் சரியில்லாததால் நீ ஒருவனாக வேலி அடைத்துக் காவலிருக்கிறாய் என்றார்கள். பவுனாயி விடியலில் உனக்குக் கூடமாட ஒத்தாசை செய்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவருவாள்.

முதல் நாள் வாய்ப்பாட்டில் ஒரு கேள்வி கேட்டேன். உன் இடம் காலி, ஆகவே பவுனாயியிடமிருந்து ஆரம்பம். தெரிலீங்க வரும் என்று அடுத்த பிள்ளையை நோக்கி என் கை நீண்டிருந்தது. அவள் விடையைச் சொன்னாள். மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு, சரியாக. தற்செயல் என்று நினைத்து இன்னொன்று கேட்டேன். அதையும் சொன்னாள். மூன்று நாளும் அவள் சொன்னாள். அவள் சொன்னதைப் பார்த்து மற்ற மூன்றும் வாய் திறந்தன. மோகனுக்குத் துள்ளி எழ முறையே வரவில்லை.

நாலாம் நாள் நீ வந்தாய். "வெள்ளையா?" "தெரிலீங்க." "பவுனாயி?" "தெரிலீங்க." முதல் நாள் அவளே சொன்ன அதே கணக்கு! எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் கோபம்தான் உனக்குத் தெரியுமே, மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். கையை நீட்டச் சொல்லி இரண்டு அடி போட்டேன். அவள் அழவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த இரண்டு அடியும் இன்றைக்கும் என் கையில்தான் எரிகிறது.

சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன். நீ வந்து நின்றாய். வேலி அடைத்ததில் உள்ளங்கை பிய்ந்து, துணி சுற்றியிருந்தாய்.

"ஏனுங்க வாத்தியாரே, பவுனாயிய அடிச்சீங்களாமா?"

"ஆமா அடிச்சேன். மூணு நாளா படபடன்னு சொன்னவ இன்னைக்குத் தெரிலீங்கறா. திமிருதானே?"

"திமிரில்லீங்க. நான் வந்துட்டனுங்களே."

"நீ வந்தா அதுக்கென்னடா?"

நீ தலையைச் சொறிந்தாய். இவ்வளவு சின்ன விஷயத்தையா இந்த ஆளுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்று உன் முகத்தில் எழுதியிருந்தது.

"நான் மூத்தவனுங்க. எனக்கே தெரிலீங்கறப்ப, பொறவால பொறந்தது எந்திரிச்சு எனக்குத் தெரியுமுன்னு சொல்லலாமுங்களா? எங்க சனத்துல அப்புடிச் சொல்ல மாட்டாங்க. நாலு பேரு முன்னால அண்ணனக் கீழ தள்ளுன மாதிரிங்க."

"அப்ப அந்த வரிசையே தெரிலீங்கறது?"

"நான் சொல்றதுனாலதானுங்க."

"அடப்பாவி! அப்ப நீ தெரியுமுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"எனக்குத் தெரியாதுங்களே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீயும் சிரித்தாய். சோறு அடிப்பிடித்தது. அதை இறக்கி வைத்த பிறகுதான் படிவம் ஞாபகம் வந்தது.

படிவத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரே இடம்தான் என்பதையும் சொன்னேன். 'மந்தம்' என்று எழுதியதைச் சொல்ல வாய் வரவில்லை. "பவுனாயியப் பத்தி நல்லா எழுதலடா" என்று மட்டும் சொன்னேன்.

"மாத்தி எழுத முடியாதுங்களா?"

"முடியாதுடா. போயிருச்சு."

முடியாது என்பதெல்லாம் பொய். ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. போட்ட மதிப்பெண் தப்பு என்று எழுதினால் இந்த வாத்திக்கு ஒன்றும் தெரியாது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். பதிமூன்று வயதுப் பையன் முன்னால் இருபத்திரண்டு வயது ஆம்பிளை பயந்துகொண்டு நின்றேன்.

"அதிகாரி வந்தா எல்லாத்தையுங் கேப்பாருங்களா?" என்று கேட்டாய்.

"கேப்பார். ஒண்ணு செய்யி. அன்னைக்கு நீ பள்ளிக்கூடம் வராத. அவ சொல்லிருவா."

நீ அடுப்பிலிருந்த கொள்ளியை இழுத்து அணைத்தாய். "அது சரிப்படாதுங்க. ஒளிஞ்சுக்கிட்டுச் சொன்ன மாதிரி ஆயிரும். கீழ ஆஸ்டல்ல போயும் மூத்தது யாராச்சும் பக்கத்துல உக்காந்தா வாயத் தொறக்காதுங்க. நான் இருக்கறப்பவே அது சொல்லோணும்."

"எப்புடிடா?"

"மூத்தது, எனக்குத் தெரியாது, நீ சொல்லுன்னு விட்டுக்குடுத்தா இளையது சொல்லலாமுங்க. அதுல தப்பில்ல."

"இதை முன்னாலயே செஞ்சிருக்கலாமேடா!"

"நீங்க கேக்கலீங்களே" என்றாய். அப்புறம் போகத் திரும்பியவன் நின்று, "ஆனா ஊரே பாத்துக்கிட்டு நிக்கும். அதாங்க" என்றாய்.

அதிகாரி வந்த அன்று ஊர் வாசலிலும் சன்னலிலும் அடைத்துக்கொண்டு நின்றது. அவர் பேளுக்குறிச்சிப் பக்கத்திலிருந்து நடந்தே ஏறி, முட்டி வீங்கி, யாரைக் கடிக்கலாம் என்று தேடிக்கொண்டு வந்தவர். உன் அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வாசற்படி ஓரமாக நின்றார். படிவம் அதிகாரி கையில் இருந்தது. மோகனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசிவிட்டு, "சரி, இவன்தான், மத்ததையும் சும்மா கேப்போம்" என்றார்.

முதல் கேள்வி ஏதோ ஆறுகளைப் பற்றி. வழக்கம்போல உயரமானவனைக் கைகாட்டினார். நீ எழுந்தாய். கையைக் கட்டிக்கொண்டாய். தரையைப் பார்க்கவில்லை. ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னாய்:

"எனக்குத் தெரியாதுங்க. எந்தங்கச்சி சொல்லும்."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பவுனாயி உன்னைப் பார்த்தாள். எழுந்தாள். சொன்னாள்.

அதிகாரி அடுத்த கேள்வியை நேராக அவளிடமே கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. நீ மறுபடி எழுந்தாய். "எனக்குத் தெரியாதுங்க. எந்தங்கச்சி சொல்லும்." அவள் சொன்னாள். மூன்றாவது கேள்விக்கும் அப்படியே. "ஏன்டா, உன்னைக் கேக்கவே இல்லையே, நீ எதுக்குச் சும்மா எந்திரிக்கிற? தெரியாதுங்கறதை இவ்வளவு பெருமையா சொல்றானே!" என்று அதிகாரி கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன். நாலாவது கேள்வி வந்தது, நீ எழுந்தாய்.

கடைசியாக அதிகாரி ஒரு கணக்குப் போட்டார். அவர் வைத்திருந்த கேள்விகளிலேயே கடினமானது. "நாற்பது அடி நீளம், இருபத்து நாலு அடி அகலத்துல ஒரு காடு. சுத்தி வேலி போடணும். நாலு அடிக்கு ஒரு கம்பு. எத்தனை கம்பு வேணும்?" மோகன் முந்திக்கொண்டு, "முப்பத்து மூணு சார்!" என்றான், கணீரென்று. எனக்கே அது சரி என்று பட்டது.

நீ பதினோராவது தடவையாக எழுந்தாய். "எனக்குத் தெரியாதுங்க. எந்தங்கச்சி சொல்லும்."

"முப்பத்தி ரெண்டுங்க" என்றாள் பவுனாயி. "சுத்தி வாரப்ப கடைசிக் கம்பும் மொதக் கம்பும் ஒண்ணுதானுங்களே."

அதிகாரி படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்கு மந்தம்னு எழுதியிருக்கீரே?"

உன் முகம் என் பக்கம் திரும்பியது. அந்த வார்த்தையை நீ அப்போதுதான் முதல் தடவை கேட்டாய். நீ மட்டும் அன்றைக்குப் பதினொரு தடவை எழுந்து நிற்காமல் இருந்திருந்தால், பிள்ளை இப்போதுதான் தேறியிருக்கிறது என்று ஏதாவது மழுப்பியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு பையன் ஊர் முன்னால் பதினொரு தடவை தெரியாது என்று சொல்லும்போது, வாத்தியார் ஒரு தடவை சொல்ல மாட்டேன் என்றால் அவன் மனுஷனா?

"நான் போட்டது தப்புங்க சார். எனக்குத் தெரியல" என்றேன். உங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அடித்ததையும் சொன்னேன். அதிகாரி பேனாவை எடுத்து 'மந்தம்' மேல் கோடு போட்டார். "என் சர்வீசுல மார்க்கு தப்புன்னு ஒத்துக்கிட்ட வாத்தியாரை இப்பத்தான்யா பாக்கறேன்" என்றார்.

பவுனாயி விடுதிப் பள்ளிக்குப் போனாள். அந்த வருஷத்தோடு நீ படிப்பை விட்டுக் காட்டு வேலைக்குப் போனாய். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. மலைமேல் ஒரு மாணிக்கத்தைக் கண்டுபிடித்த வாத்தியார் என்று அந்த அதிகாரி போன இடமெல்லாம் சொல்லிவிட்டார். கண்டுபிடித்தவன் நான்தான் என்று ஊர் சொன்னது. நான் இல்லை என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலெல்லாம் நீ இருந்தாய், வெள்ளையா. ஒரு பிள்ளை தெரியாது என்றால், இது தெரியாததா, இல்லை யாராவது விட்டுக்கொடுக்கக் காத்திருக்கிறதா என்று பார்க்கப் பழகினேன். அக்காளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்த தங்கை, முதலாளி மகன் பக்கத்தில் உட்கார்ந்த பண்ணையாள் மகன், வீட்டில் வேறு பாஷை பேசிவிட்டு வந்து தமிழில் திக்கிய பிள்ளை. எத்தனை பேருக்கு 'மந்தம்' என்று எழுதாமல் தப்பித்தேன்! பிரம்பை அந்த வருஷமே அடுப்பில் போட்டுவிட்டேன். நல்ல வாத்தியார் என்று நாலு பேர் என்னைச் சொன்னால் அதில் முக்கால்வாசி உன்னுடையது. உனக்கு நான் கடமைப்பட்டவன். இதை நீ உயிரோடு இருக்கும்போதே சொல்வதற்கு என்ன கேடு எனக்கு?

சொல்லச் சமயமா இல்லை? பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகும் அன்னாசியும் கொண்டுவரும்போதெல்லாம் என் வீட்டுக்கு வந்தாய். நான் அந்த நாளைப் பற்றி வாயெடுத்தால், "வாத்தியாரே, நான் எங்கியாச்சும் ஓடிப் போயிருவனுங்களா? பழசையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல காப்பித்தண்ணி குடுங்க" என்பாய். என் ஓய்வு விழாவுக்கு ஒரு முழுப் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். நான் மேடையில் மாலையோடு நின்று, "மந்தம் என்று ஒதுக்கப்பட்ட குழந்தையை நான் கண்டுகொண்டேன்" என்று பேசினேன். ஒதுக்கியவன் யார் என்று சொல்லவில்லை. உன் பெயரையும் சொல்லவில்லை. நீ கை தட்டினாய். "நல்லாப் பேசுனீங்க வாத்தியாரே" என்றாய். பவுனாயி, அப்போது அவள் ஒரு பெரிய பள்ளிக்குத் தலைமையாசிரியை, முதல் வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சம் என்று நினைத்தேன்.

உன் காரியத்தன்று சாப்பாடு முடிந்ததும் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எழுபத்தைந்து வயது, இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள்.

"சார், அந்தக் கம்புக் கணக்கு ஞாபகமிருக்குங்களா?"

"மறப்பேனா கண்ணு?"

"அது எனக்குத் தெரியாதுங்க சார். அண்ணன்தான் சொல்லிக்குடுத்துது. சாமைக் காட்டுக்கு வேலி போட்டப்ப நான் கம்பு எடுத்து எடுத்துக் குடுத்தேன். ஒண்ணு மிச்சமாயிருச்சு. எண்ணுனது தப்பான்னு கேட்டேன். தப்பில்ல புள்ள, சுத்தி வாரப்ப கடைசிக் கம்புதான் மொதக் கம்புன்னு அண்ணன்தான் சொல்லுச்சு."

பிய்ந்த உள்ளங்கையில் நீ துணி சுற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்தவன் நான். அந்தக் கணக்கைக் கேட்டபோது எனக்கு அது உறைக்கவே இல்லையேடா! அந்த விடை உன் கையில் இருந்தது. அதிகாரி கேட்டதிலேயே பெரிய கேள்வி. நீ சொல்லியிருந்தால் அந்த ஒரே இடத்துக்கு உன் பெயரைக்கூட அவர் எழுதியிருக்கலாம். எழுந்து நின்று எனக்குத் தெரியாதுங்க என்றாயே. பலாமரத்தடியில் ஒரு கிழவன் வாய்விட்டு அழுததைப் பார்த்து உன் பேரப்பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

"இதை ஏம்மா இத்தனை வருஷம் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க மூத்தவங்க. கண்டுபுடிச்சது நான்தான்னு மேடையில நீங்களே சொல்றப்ப, நான் எந்திரிச்சு இல்லீங்க சார்னு எப்புடிங்க சொல்றது? நீங்க விட்டுக்குடுத்தாத்தானுங்க."

வெள்ளையா, அவள் என் முன்னால் மறுபடியும் பதினொரு வயதுப் பிள்ளையாக, பெஞ்சில் இரண்டாவதாக உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமும் அவள் விடை தெரிந்திருந்தும் தெரிலீங்க என்று உட்கார்ந்திருந்தது என்னால். நீ அன்றைக்கு அடுப்பு முன்னால் எனக்குச் சொன்ன அதே பாடம். ஊருக்கெல்லாம் அதைப் போதித்தேன், நான் மட்டும் படிக்கவில்லை.

இப்போது ஒரு சேதி. அடுத்த மாதம் பவுனாயி வேலை பார்த்த பள்ளியில் ஒரு கூட்டம். மலைப் பள்ளிகளிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கப் போகிற வாத்தியார்களுக்கு. படிவம் இப்போது செல்போனிலேயே வருகிறதாம். வாங்கிப் பார்த்தேன். 'தயக்கமின்றிப் பேசுகிறாரா?', 'தானாக முன்வருகிறாரா?' என்று இருக்கிறது. கட்டம் மாறவே இல்லை, போ. 'பவுனாயி அம்மையாரைக் கண்டறிந்த ஆசிரியர்' என்று என் பெயரை அழைப்பிதழில் போட்டு, முதல் பேச்சாளர் நான் என்கிறார்கள். அவளும் மேடையில் இருப்பாள்.

போகிறேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். மாலை போட வந்தால் வேண்டாம் என்பேன். அவள் மந்தம் என்று எழுதப்பட்டவள், எழுதியது இந்தக் கைதான் என்று முதலில் சொல்வேன். அப்புறம், அந்தப் பிள்ளையை எப்படி ஐயா கண்டுபிடித்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது நீ நின்ற மாதிரி நிற்பேன், கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்க்காமல், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி:

"எனக்குத் தெரியாதுங்க. பவுனாயி சொல்லும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். அவள் உன்னைப் பற்றிச் சொல்லட்டும்.

வயதில் மூத்து, உனக்கு இளையவனாகிப்போன
உன் வாத்தி